பசியும் புழுவும்

குழந்தை எவ்வளவு உண்டாலும் உடம்பு தேறவில்லையென்றால், "தின்கிறதெல்லாம் பூச்சிக்குத்தான் போகிறது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், வேப்பங்கொழுந்தை அரைத்து வெறும் வயிற்றில் உருண்டையாகக் கொடுப்பதும், விளக்கெண்ணெய் புகட்டி வயிற்றைச் சுத்தி செய்வதும் நெடுநாளைய வழக்கம். அனுபவத்திலிருந்து பிறந்த அந்த வார்த்தையில் உண்மை இருக்கிறது. ஆயினும் அது பாதி உண்மையே. புழுவானது மனிதனுடைய போஷாக்கைப் பறித்துக்கொள்கிறது என்பது நாம் அறிந்த பாதி; போஷாக்குக் குறைந்த சரீரமே புழுவுக்கு உகந்த வாசஸ்தலமாக அமைகிறது என்பதும், ஆகாரக் குறைவு புழுவை வளர்க்க, வளர்ந்த புழு ஆகாரக் குறைவை மேலும் ஆழமாக்குகிறது என்பதும் மற்றப் பாதி. இரண்டு பாதிகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வைத்திய சாஸ்திரத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த நூறு ஆண்டுகளின் வரலாறு பெரும்பாலும் கொக்கிப்புழு என்னும் ஒரே பிராணியைச் சுற்றியே நடந்திருப்பதால், அதையே நாமும் முதலில் தொடர்ந்து செல்லலாம்.

1838-ஆம் ஆண்டில் மிலான் நகரத்து வைத்தியரான ஆஞ்செலோ தூபினி, இறந்துபோன ஒரு பெண்ணின் குடலை அறுத்துச் சோதித்தபோது சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள புழுவொன்றைக் கண்டு, பின்னர் அதற்குப் பெயரும் சூட்டினார். அது கொடிய வியாதிக்குக் காரணம் என்பதை ஐரோப்பா ஐயமற ஒப்புக்கொண்டதோ, ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்ட் சுரங்கப்பாதை அமைக்கப்பட்ட காலத்தில்தான். 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தினுள், வெப்பமும் ஈரமும் நிறைந்த இருளில், மலஜலம் கழிக்கத் தனி இடமின்றி வேலை செய்த இத்தாலியத் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக முகம் வெளிறி, மூச்சு வாங்கி, சம்மட்டியைத் தூக்கவும் வலுவின்றி விழத் தொடங்கினார்கள். 1880-ஆம் ஆண்டில் தூரின் நகரத்துப் பேராசிரியர் பெரோன்சித்தோ அவர்களுடைய குடல்களில் இப்புழு மண்டிக்கிடப்பதைக் காட்டினார். மலையில் கெட்ட காற்று இல்லை, தொழிலாளரிடம் சோம்பலும் இல்லை, காலடியில் இருந்த சேறே குற்றவாளி என்பது அதன்பின் விளங்கிற்று.

சேற்றிலிருந்து குடலுக்குப் புழு எப்படிச் செல்கிறது என்பதைக் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ் தம் சொந்தச் சரீரத்தின் மூலமாகவே கண்டறிந்தார். இளம்புழுக்கள் நிறைந்த நீர்த்துளியொன்று அவருடைய கையில் தற்செயலாகச் சிந்தியது. அவ்விடம் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் தோன்றின. 1898-இல் அவர் வெளியிட்ட செய்தியை முதலில் பலர் நம்பவில்லை. பின்வந்த பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்தின. மலத்தோடு நிலத்தில் விழும் முட்டை, நிழலும் ஈரமும் மிதமான வெப்பமும் வாய்த்தால் ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரத்துக்குள் தோலைத் துளைக்கும் பக்குவத்தை அடைகிறது. வெறுங்காலால் மிதிப்பவனுடைய விரலிடுக்கில் நுழைந்து, இரத்தக் குழாய் வழியே இருதயத்தையும் அங்கிருந்து நுரையீரலையும் சேர்ந்து, மூச்சுக்குழாயில் மேலேறித் தொண்டையை எட்டி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. அங்கே குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தைக் குடித்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்கிறது. பெண் புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டைகளை இடுகிறது. ஆனால் அம்முட்டைகள் குடலுக்குள் புழுவாக வளர்வதில்லை. ஒவ்வொரு புழுவும் வெளியே மண்ணில் சிலநாள் இருந்துதான் வரவேண்டும். நூறு புழுக்கள் ஒருவனிடம் இருந்தால், குறைந்தது நூறு இளம்புழுக்கள் அவனுடைய தோலைத் துளைத்திருக்க வேண்டும் என்பது பொருள்.

இந்தப் பாதையை மனத்தில் வைத்துக்கொண்டு இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கங்காணிமார் பின்னே கடல் கடந்த நம் மக்கள், இடுங்கிய லயன்களில் குடும்பம் குடும்பமாக அடைக்கப்பட்டு, கழிப்பிடம் என்று ஒன்று இல்லாமையால் தேயிலைப் புதர்களின் நிழலையே அதற்குப் பயன்படுத்தி, அடுத்த நாள் காலை அதே நிழலில், அதே ஈர மண்ணில், வெறுங்காலோடு கொழுந்து பறித்தார்கள். கொக்கிப்புழுவுக்கு இதைவிட வசதியான விளைநிலத்தை எவராலும் திட்டமிட்டு அமைத்துத் தந்திருக்க முடியாது. அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனம் 1916-இல் மாத்தளைப் பகுதியில் சிகிச்சை இயக்கத்தைத் தொடங்கியபோது, பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோருடைய குடலில் புழு இருக்கக் காணப்பட்டது.

அந்நாளில் கொக்கிப்புழுவுக்குச் சிறந்த மருந்தாகக் கருதப்பட்ட தைமால் நம்முடைய ஓமத்திலிருந்து வடிக்கப்படுவது. இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி மருந்தாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முதலாவது உலக யுத்தம் அவ்வழியை அடைத்துவிடவே, கீனோப்போடியம் என்னும் செடியின் எண்ணெயைத் தோட்டங்களில் கொடுத்தார்கள். புழுக்கள் வெளியேறின, தொழிலாளர்கள் தெளிவடைந்தார்கள், கழிப்பிடம் கட்டுவதற்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலவிடத் தயங்கியமையால் புழுக்கள் திரும்பி வந்தன. மருந்து கொடுப்பதில் காட்டிய ஆர்வத்தைக் கழிப்பிடத்திலும் கூலியிலும் உணவிலும் காட்டியிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. உணவு என்று நான் இங்கே சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

கொக்கிப்புழு விளைவிக்கும் சோகை, உண்மையில் வரவு செலவுக் கணக்கைப் போன்ற ஒரு விஷயம். நம் நாட்டிலும் இலங்கையிலும் மிகுதியாகக் காணப்படும் நெக்காடர் என்னும் வகைப் புழு ஒன்று, நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது. நூறு புழுக்கள் இருந்தால் 3 மில்லிலிட்டர். ஆரோக்கியமான ஒருவனுடைய இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருப்பதால், செலவு நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிகிராம்; சிந்திய இரத்தத்தின் இரும்பில் ஒரு பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்வதால், நிகர நஷ்டம் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு அற்பமான அளவாகத் தோன்றும். ஆனால் சாதாரண மனிதன் நாள்தோறும் தன் ஆகாரத்திலிருந்து கிரகிக்கும் இரும்பே அவ்வளவுதான்; அதுவும் தோல், குடல் முதலியவற்றின் இயல்பான தேய்மானத்தை ஈடுசெய்வதற்கே சரியாகப் போய்விடுகிறது. கீரையும் பருப்பும், மீனோ இறைச்சியோ, ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்து உண்பவனுடைய சரீரம், குறையை உணர்ந்ததும் குடலின் கிரகிக்கும் சக்தியைக் கூட்டிக்கொண்டு அந்த உபரிச் செலவைச் சமாளித்துவிடும். தோட்டம் கணக்கில் பிடித்துக்கொண்டு அளந்து கொடுத்த அரிசியையே மூன்று வேளையும் நம்பியிருப்பவனுக்கு அந்த வழி இல்லை. தானியத்தில் இருக்கும் சிறிதளவு இரும்பையும் அத்தானியத்திலேயே உள்ள பைட்டேட் என்னும் பொருள் பிடித்துவைத்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை மேலும் தடுக்கிறது. பசியை அடக்கத் தேயிலைச் சாயத்தையே நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு இது எத்தகைய கேடு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் புழுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தும் ஒருவன் திடகாத்திரனாக நடமாட, மற்றொருவன் சோகை பிடித்து, முகம் ஊதி, நான்கு படிகள் ஏறுவதற்குள் நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிடுகிறான். சேமிப்பு உள்ளவரை சரீரம் தாக்குப்பிடிக்கிறது. ஆண்களுடைய சேமிப்பு ஏறக்குறைய 1 கிராம் இரும்பு. மாதவிடாயாலும் பிரசவங்களாலும் இழந்துகொண்டே இருக்கும் பெண்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. சேமிப்புத் தீர்ந்ததும் இரத்தம் வெளிறத் தொடங்குகிறது. வெளிறிய இரத்தத்தில் இரும்பும் குறைவாதலால், புழு குடிக்கும் அளவு மாறாதபோதும் இரும்பின் நஷ்டம் சுருங்கி, ஏதோ ஒரு தாழ்ந்த மட்டத்தில் கணக்கு நேராகிறது. அந்தத் தாழ்ந்த மட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, வேலை செய்து, பிள்ளை பெற்றவர்களைத்தான் சோம்பேறிகள் என்று மேற்பார்வையாளர்கள் ஏசினார்கள்.

இக்கணக்கு வெறும் காகிதக் கணக்கன்று என்பதை 1930-களின் தொடக்கத்தில் போர்ட்டோ ரிக்கோ தீவில் வில்லியம் காசில் முதலிய அமெரிக்க வைத்தியர்கள் நிரூபித்தார்கள். கொக்கிப்புழுவால் கடும் சோகையுற்றவர்களில் சிலருக்குப் புழுக்களை நீக்காமலே இரும்பு உப்பை மிகுந்த அளவில் கொடுத்தார்கள். புழுக்கள் குடலில் இருந்தபடியே இருக்க, சோகை தீர்ந்தது. புழுக்களை மட்டும் நீக்கி, பழைய ஏழை ஆகாரத்திலேயே விட்டுவைத்தவர்களோ மிகவும் மெதுவாகத்தான் தேறினார்கள். வியாதிக்குக் காரணம் புழுவா, பசியா என்று வாதாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பரிசோதனை ஒரே வீச்சில் விடையளித்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று அத்தனை கொடுமையைச் செய்ய இயலாது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பாஸ்டர், கார்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நாய்களைக்கொண்டு நடத்திய சோதனை, முதலில் சொன்ன மற்றப் பாதியை வெளிப்படுத்தியது. வளர்ந்த நாய்கள் கொக்கிப்புழுவை இயல்பாகவே எதிர்க்கும் வல்லமை உடையவை. அவற்றுக்குச் சத்துக் குறைந்த ஆகாரத்தைக் கொடுத்து வந்தபோது அந்த எதிர்ப்பு குலைந்து, புழுக்கள் எளிதில் குடியேறின. பிறகு நல்ல ஆகாரத்தைக் கொடுத்தபோது, வேறு மருந்து ஏதுமின்றி நாய்கள் தம் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுப் புழுக்களையும் வெளித்தள்ளின.

இதன் உள்விவரம் பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. குடலில் புழு இருப்பதை உணர்ந்த சரீரம், சளி போன்ற வழுவழுப்பான திரவத்தை மிகுதியாகச் சுரந்து புழுவைப் பிடிப்பிழக்கச் செய்கிறது. குடலின் உட்தோலை வழக்கத்தைவிட விரைவாகப் புதுப்பித்துப் புழு நிற்கும் தளத்தையே நகர்த்துகிறது. குடற்சுவரின் தசைகளை முடுக்கிவிடுகிறது. இவையெல்லாம் புரதத்தையும் துத்தநாகத்தையும் ஏ விட்டமினையும் செலவழித்துச் செய்யப்படும் காரியங்கள். கனடாவிலுள்ள மக்கில் சர்வகலாசாலையில் புரதத்தையோ துத்தநாகத்தையோ குறைத்து வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில், நல்ல ஆகாரம் பெற்ற எலிகளிடத்தில் இருந்ததைவிடப் புழுக்கள் அதிகமாகவும் நீடித்தும் தங்கின. நோயும் ஊட்டக்குறைவும் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்ற இந்தக் கருத்தைப் பல வியாதிகளுக்கும் விரித்து, 1968-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வெளியீடாகப் பெரிய நூலொன்றை ஸ்கிரிம்ஷா, டெய்லர், கார்டன் என்ற மூவர் எழுதினார்கள்.

குழந்தைகளின் வயிற்றில் நாம் மிகுதியாகக் காணும் உருளைப்புழு இரத்தம் குடிப்பதில்லை. குடலினுள் மிதந்து, ஜீரணமான ஆகாரத்தையே உண்கிறது. 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும் அந்தப் புழுவின் பெண் நாளொன்றுக்கு 2,00,000 முட்டைகள் வரை இடக்கூடியது. முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். சில புழுக்கள் தின்னும் ஆகாரத்தின் அளவு அவ்வளவு பெரிதல்ல. அவை பசியை மந்தப்படுத்துவதும், பாலிலுள்ள சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தியைக் குறைப்பதும், கொழுப்போடு சேர்ந்து உட்புகவேண்டிய ஏ விட்டமினைத் தடுப்பதுமே பெருந்தீங்கு. குன்னூரில் பிறந்து 1958-இல் ஐதராபாதுக்குப் பெயர்ந்த தேசிய போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தில், 1970-களில் சிவகுமாரும் ரெட்டியும் உருளைப்புழு உள்ள குழந்தைகளைச் சோதித்து, அவர்கள் ஏ விட்டமினைக் குறைவாகவே கிரகிப்பதையும், புழுவை நீக்கியபின் அந்நிலை சீர்ப்படுவதையும் காட்டினார்கள். ஏ விட்டமின் குறைந்தால் குடலின் உட்தோல் நலிகிறது. நலிந்த குடல் அடுத்த புழுவை எதிர்க்க வலிமையற்றுப் போகிறது. மாலைக்கண் வந்த குழந்தைக்கு முருங்கைக்கீரையைக் கொடுக்கும் தாய், அக்குழந்தையின் வயிற்றிலுள்ள பூச்சியையும் கவனித்தால்தான் அந்தக் கீரை முழுப் பயன் தரும்.

இவ்வளவும் கேட்டபின், எல்லா ஒட்டுண்ணி வியாதிக்கும் சத்தைக் கொடுத்தால் போதும் என்று எவரேனும் முடிவு கட்டினால் அது பெரும் பிழையாகும். மலேரியாவை உண்டாக்கும் நுண்ணுயிர் நம்முடைய இரத்த அணுக்களுக்குள்ளேயே வாழ்வது. அதற்கும் இரும்பு தேவை. நைஜர் நாட்டுப் பஞ்சத்தில் பட்டினியால் மெலிந்து வந்தவர்களுக்கு உணவளிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே, அதுவரை அடங்கிக் கிடந்த மலேரியா மூண்டெழுந்ததை மரே என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1975-இல் எழுதினார்கள். ஸான்ஸிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில் ஆயிரக்கணக்கான சிறு குழந்தைகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்துச் செய்த பெரும் பரிசோதனையில், அவற்றைப் பெற்ற குழந்தைகளிடையே மரணமும் ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நிலையும் நூற்றுக்கு 12 பங்கு அதிகமாக இருந்தமையால், பரிசோதனையின் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். 2006-இல் வெளிவந்த அச்செய்தி வைத்திய உலகத்தைத் திடுக்கிடச் செய்தது. மலேரியா மிகுந்த இடத்தில் கொசுவலையும் மலேரியாச் சிகிச்சையும் இல்லாமல் இரும்பை மட்டும் வாரி வழங்குவது ஆபத்து என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம். பசியைப் போக்கக்கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. சோற்றோடு மருந்தும் சேர்ந்தே செல்லவேண்டும் என்பதே பொருள்.

பூச்சி மாத்திரையைத் தனியே நம்புவதிலும் ஏமாற்றம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 1999 முதல் 2004 வரை சுமார் பத்து லட்சம் சிறு குழந்தைகளிடையே நடந்த மாபெரும் சோதனையில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் என்னும் பூச்சி மருந்தைக் கொடுத்தும் குழந்தைகளின் எடையிலோ மரண விகிதத்திலோ சொல்லத்தக்க மாறுதல் ஏற்படவில்லை. அங்கே புழுக்களின் பாரம் இலேசாக இருந்தது ஒரு காரணம். மாத்திரை புழுவை வெளியேற்றுமே தவிர, அது பறித்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடுக்காது என்பது மற்றொரு காரணம் என்பேன். மேலும், பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்து கொடுத்துப் பன்னிரண்டு மாதங்கள் கழிவதற்குள் உருளைப்புழுவின் பரவல் பழைய அளவில் நூற்றுக்கு 94 பங்கையும், கொக்கிப்புழுவின் பரவல் 57 பங்கையும் மீண்டும் எட்டிவிடுகின்றன. மண் மாறாதவரை இது நடந்தே தீரும்.

சத்தையும் பூச்சி மருந்தையும் ஒருசேரக் கொடுத்தால் என்ன பலன் என்பதற்கும் இலங்கைத் தோட்டங்களிலேயே சான்று கிடைத்தது. தோட்டப் பகுதிக் கர்ப்பிணிகளிடையே அத்துக்கோரளையும் அவருடைய தோழர்களும் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பும் போலிக் அமிலமும் மட்டும் பெற்றவர்களைவிட, அவற்றோடு பூச்சி மருந்தும் பெற்றவர்களுடைய இரத்தம் கூடுதலாகத் தேறியிருந்தது. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் ஏறத்தாழ 1 கிராம் இரும்பு வேண்டியிருக்கையில், அதே நேரத்தில் குடலில் புழுக்களும் இரத்தம் குடித்துக்கொண்டிருந்தால் தாயும் சிசுவும் எதைக்கொண்டு பிழைப்பார்கள்?

நம் நாட்டில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் அனுசரிக்கப்பட்டு, 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் கொடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களையும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, இதில் சேர்த்திருக்கிறார்கள். சத்துணவும் முட்டையும் பரிமாறப்படும் அதே இடத்தில், அதே கைகளால் பூச்சி மாத்திரையும் கிடைப்பது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் கொக்கிப்புழு குழந்தைகளோடு நிற்பதில்லை. நிலத்தில் காலூன்றி உழைக்கும் பெரியவர்களிடத்தில்தான் அது மிகுதியாகச் சேர்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் ஜவ்வாது மலையில் வாழும் மலைவாழ் மக்களிடையே ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 38 பேர் அளவில் கொக்கிப்புழு இருக்கக் கண்டார்கள். அவர்களுள் வயல் வேலைக்கும் காட்டு வேலைக்கும் வெறுங்காலோடு செல்லும் ஆண்களையும், முப்பதைக் கடந்த பெண்களையும் பள்ளிக்கூடத்து மாத்திரை எட்டுவதில்லை. அவர்கள் வெளியேற்றும் முட்டைகளே பிள்ளைகள் விளையாடும் மண்ணில் விழுகின்றன. பிப்ரவரியில் மாத்திரை விழுங்கிய பிள்ளை அடுத்த மழைக்குள் மறுபடியும் புழுவைச் சுமக்கிறது. மலைக் கிராமங்களில் ஊர் முழுவதற்கும், வயது வரம்பின்றி, பூச்சி மருந்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் வீடுவீடாகக் கொண்டு சேர்ப்பதும், தண்ணீர் வசதியுள்ள கழிப்பிடத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டித் தருவதும், நியாயவிலைக் கடையில் அரிசியோடு பருப்பும் கேழ்வரகும் தட்டாமல் கிடைக்கச் செய்வதும் சுகாதார இலாகாவும் உணவு இலாகாவும் தனித்தனியே செய்யக்கூடிய காரியங்களல்ல. ஒரே மேஜையில் அமர்ந்து, ஒரே கிராமப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரே மாதத்தில் அவர்கள் தொடங்கவேண்டிய வேலை அது.